நாற்பத்தொன்றாம் உறை

11 மே 1953

குருவிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். போடு. படித்துவிட்டுப் போடு.

பாப்பா உட்காருகிறாளா? குறைமாதத்தில் பிறந்தவள், ஒன்பது மாதம் ஆனாலும் ஆறு மாதக் கணக்குதான் வைக்க வேண்டும். இதை உனக்குச் சொல்வது மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிற மாதிரி. பத்து வருடம் அந்த வார்டில் நர்சாக இருந்தவள் நீ. உன் அண்ணன் தபால்காரர் வரும் நேரம் பார்த்து வாசல் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மூன்று மாதமாக ஊற்றியதில் செடி அழுகிவிட்டது. அவர் இன்னும் ஊற்றுகிறார்.

நீ கிளம்பிய அன்று மாடிப்படியில் நின்று சொன்னதை நான் மறக்கவில்லை. "உங்க ஆராய்ச்சிக்கு எங்க வீட்டுப் பிள்ளைதான் கிடைச்சுதா அண்ணி" என்றாய். அதற்குப் பதில் எழுத நான் உட்காரவில்லை. எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

குறைமாதக் குழந்தைகள் எல்லாருக்கும் ஆக்சிஜனை அள்ளி அள்ளிக் கொடுத்தோம். பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குச் சில மாதத்தில் கண்ணுக்குள் வெள்ளை படர்ந்து பார்வை போனது. சிலிண்டர் வாங்க வழியில்லாத சின்ன ஆஸ்பத்திரிகளில் பிழைத்த குழந்தைகளுக்கோ பார்வை இருந்தது. ஆக்சிஜன்தான் காரணமா என்று பார்க்கத்தான் வார்டை இரண்டாகப் பிரித்தேன். சுவர் வரிசைக்கு வழக்கம்போலத் தாராளமாக. ஜன்னல் வரிசைக்கு, குழந்தை நீலமானால் மட்டும், நீலம் மறையும்வரை மட்டும். எந்தக் குழந்தை எந்த வரிசை என்பதை நானோ நீயோ முடிவு செய்யக் கூடாது என்று, ஒட்டிய உறைக்குள் சீட்டுப் போட்டு எண் வரிசையாக அடுக்கி வைத்தோம்.

சுவர் வரிசையில் பிழைத்த முப்பத்தாறு பேரில் பதினொரு பேருக்குப் பார்வை இல்லை. ஜன்னல் வரிசையில் முப்பத்து நான்கு பேரில் நான்கு. உன் அக்கா விட்டுப்போன நம் பாப்பா அந்த நால்வரில் ஒருத்தி. இரண்டு வரிசையிலும் இறந்தவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. ஆராய்ச்சியை மேற்பார்க்கிற கமிட்டி கேட்கிறது, ஆக்சிஜன்தான் குற்றவாளி என்றால் ஜன்னல் வரிசையில் நான்கு எப்படி வந்தது என்று.

போன வாரம் சிலிண்டர் தூக்குகிறவர் முதுகு வலி என்று வந்தார். "ஒரு வரிசைக்குக் கம்மியாத்தான் வேணும்னு சொன்னீங்க. மாசி வரைக்கும் என் முதுகுக்கு ஒண்ணும் கம்மியா தெரியலையேம்மா" என்றார். இருப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். பிப்ரவரி வரை சுவர் வரிசைக்குப் போனதில் முக்கால்வாசி சிலிண்டர் ஜன்னல் வரிசைக்கும் போயிருக்கிறது. மார்ச்சிலிருந்து ஜன்னல் வரிசைக்குக் கால்வாசிதான். பிப்ரவரியில் நீ வேலையை விட்டாய்.

இதைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா?

அண்ணி


22 மே 1953

அண்ணி,

கிழிக்கவில்லை. உங்கள் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். கிழித்துவிட்டால் உங்களுக்காக யார் படிப்பது?

பாப்பா உட்காருகிறாள். தலையணை முட்டுக் கொடுத்தால் உட்காருவாள், எடுத்தால் சாய்ந்துவிடுவாள், சாய்ந்தால் சிரிப்பாள். இரண்டு முஷ்டியையும் கண்ணில் வைத்து அழுத்துகிறாள். பார்வை இல்லாத குழந்தைகள் அப்படிச் செய்யும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். கையை எடுத்துவிட்டால் அழுகிறாள், எடுக்காமல் விட்டால் நான் அழுகிறேன். பக்கத்து வீட்டு அம்மா அன்றைக்கு ஏதோ பேச்சில் "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பழமொழி என்ன செய்யும்?

அவள் அப்பா, அதுதான் அக்கா வீட்டுக்காரர், இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாராம். கடிதம் வந்தது. புதுப் பெண்ணுக்குக் குழந்தைகள் என்றால் உயிராம். ஆனால் இந்தக் குழந்தை பற்றி ஒரு வரியும் இல்லை.

சிலிண்டர் பற்றி என்னை ஏன் கேட்கிறீர்கள்? உங்கள் வால்வுகள் என் வயசுக்கு மூத்தவை. கசிந்திருக்கும். முதுகு வலிக்காரர் சொன்னார் என்று ஊர்விட்டு ஊர் விசாரணைக் கடிதம் எழுதுகிறீர்களே, அக்கா இவளைப் பெற்றுவிட்டுச் செத்த மூன்றாம் நாள் நான் உங்களிடம் வந்து நின்றேனே, அன்றைக்கு இந்த அக்கறை எங்கே போனது? பாப்பா என் உள்ளங்கை அளவு இருந்தாள். உதடு ஓரம் சாம்பல் நிறமாக இருந்தது. "சுவர் வரிசைக்கு மாத்திடுங்க அண்ணி, நம்ம அக்கா பிள்ளை" என்று உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டேன். நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு "சீட்டுல என்ன வந்திருக்கோ அதுதான். வீட்டுப் பிள்ளைன்னு பார்க்க முடியாது" என்றீர்கள். கல்லுக்குக்கூட ஈரம் இருக்கும்.

குறைவாகக் கொடுத்த வரிசையில் படுத்தும் அவளுக்குப் பார்வை போனது. அப்படியென்றால் உங்கள் கணக்கு தப்பு என்றுதானே அர்த்தம்? அதை எழுதிக் கமிட்டிக்குக் கொடுங்கள்.

அண்ணனைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

குருவி


3 ஜூன் 1953

குருவிக்கு,

வால்வுகளைச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

வார்டில் புது நர்சுகள் வரும்போதெல்லாம் நான் கப்பல் மருத்துவர் கதை சொல்வேன், நீ பின்னால் நின்று வாயைக் கோணுவாய். ஈறு அழுகிச் செத்துக்கொண்டிருந்த பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் எழுந்து வேலைக்குப் போனார்கள். கதையை நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். மிச்சத்தைச் சொன்னதில்லை. அவர் கண்டுபிடித்த பிறகும் நாற்பது வருடம் போலக் கப்பல்களுக்கு எலுமிச்சை போகவில்லை. அந்த நாற்பது வருடமும் மாலுமிகள் செத்துக்கொண்டேதான் இருந்தார்கள். கையைக் கழுவிவிட்டுப் பிரசவம் பாருங்கள் என்று சொன்னவரை, அவர் கூட வேலை பார்த்தவர்களே ஏளனம் செய்து விரட்டினார்கள். உண்மை தெரிவதற்கும் அதை ஊர் ஏற்பதற்கும் நடுவில் ஆட்கள் சாகிறார்கள், குருவி. எனக்கு அந்த நடுவில் இருக்கிற நாட்களைப் பற்றித்தான் பயம்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி கமிட்டி கூடுகிறது. பதினொன்றுக்கு நான்கு என்றால் "இன்னும் இரண்டு வருடம் செய்து பாருங்கள்" என்பார்கள். இரண்டு வருடமும் என் வார்டில் பாதிக் குழந்தைகளுக்கும், மற்ற ஆஸ்பத்திரிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆக்சிஜன் முழுசாகத் திறந்திருக்கும். அந்த நான்கு குழந்தைகளும் உண்மையில் குறைவாக வாங்கியவர்கள் இல்லை என்று தெரிந்தால், பதினொன்றுக்குப் பூஜ்யம். அதன் பிறகு யாராலும் வாதாட முடியாது. மறுநாளே எல்லா இடத்திலும் சிலிண்டர் திருகை மூடுவார்கள்.

நேராகவே கேட்கிறேன். ஜன்னல் வரிசையில் நீ திருகைத் திறந்தாயா?

ஆமாம் என்றால் அதைக் கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும். நர்ஸ் பதிவேட்டிலிருந்து உன் பெயரை அடித்துவிடுவார்கள். இதை மறைத்து உன்னிடம் கையெழுத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணி


28 ஜூன் 1953

அண்ணி,

மூன்று வாரமாக இதை எழுதுகிறேன். நாலு தாளைக் கிழித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் அதை நெஞ்சுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு அலைகிறேன்.

திறந்தேன்.

பாப்பாவுக்காக ஆரம்பித்ததில்லை. அவள் பிறப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன். அரைப்படி என்று ஒரு பையன் இருந்தானே, எட்டு நாள் ஜன்னல் வரிசையில் மூச்சுக்குத் திணறியவன். நீலமாகிற அளவுக்குப் போக மாட்டான், நல்ல நிறத்துக்கும் வர மாட்டான். சீட்டுப்படி அவனுக்குக் கொடுக்கக் கூடாது. காலையில் நீங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு வெளிநோயாளிகளைப் பார்க்கப் போனதும் அவன் திருகை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஐந்தே நிமிடத்தில் ரோஜா நிறமாகிவிட்டான், அண்ணி. கையை விரித்துத் தூங்கினான். அதைப் பார்த்துவிட்டு எப்படி மூடுவேன்? சாயங்காலம் உங்கள் செருப்புச் சத்தம் படியில் கேட்கும்போது மூடுவேன். நீங்கள் போனதும் மறுபடி. ராத்திரி நர்சிடம் "ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவேன். நான் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேச மாட்டாள். அவள் மேல் பழி போடாதீர்கள்.

மொத்தம் எட்டுக் குழந்தைகளுக்குச் செய்தேன். ரொம்பச் சின்னதாக இருந்தவர்களுக்கு. அந்த நான்கு பேரும் அந்த எட்டில் இருக்கிறார்கள். உங்கள் பட்டியலைப் பார்க்காமலே சொல்கிறேன், அரைப்படி, இரட்டையரில் இளையவள், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரின் மகன், நம் பாப்பா.

பாப்பாவுக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் திறந்தேன். நம் பிள்ளை ஆயிற்றே. ஒன்பது வாரம். அவள் நிறம் கொஞ்சம் மங்கினால்கூட எனக்குத் தாங்காது. அக்கா கடைசியில் என் கையைப் பிடித்து "பார்த்துக்கோடி" என்றாள். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

ஜனவரியில் நீங்கள் டார்ச் அடித்து அவள் கண்ணைப் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தீர்களே, அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. சுவர் வரிசைக் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். தெரிந்துதான் உங்கள் மேல் பாய்ந்தேன். உங்களைத் திட்டுகிற நேரமாவது என்னைத் திட்டாமல் இருக்கலாமே என்று.

எழுதித் தருகிறேன். பெயரை அடித்தால் அடிக்கட்டும். இந்தக் கையை வைத்துக்கொண்டு இனி எந்தக் குழந்தையின் கண்ணாடிப் பெட்டி அருகே போவேன்?

அன்றைக்கே நீங்கள் சொன்னபடி நான் கேட்டிருந்தால் அவள் இப்போது என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள். கல் என்று எழுதியதை மன்னித்துவிடுங்கள்.

குருவி


6 ஜூலை 1953

குருவிக்கு,

"நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. இரண்டு நாள் வெளிநோயாளிகளைப் பார்க்கப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

நான் சொல்லப் போவது இதுவரை யாருக்கும் தெரியாது, உன் அண்ணனுக்கும்.

பாப்பா பிறந்த அன்று உறை எடுக்க அலமாரியைத் திறந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. நாற்பத்தொன்றாம் உறை. பிரித்தேன். "தாராளம்" என்று இருந்தது. சுவர் வரிசை.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆக்சிஜன்தான் காரணமா என்று நமக்குத் தெரியாது, அதனால்தான் ஆராய்ச்சி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடமும் சொன்னேன், தாய்மார்களிடமும் சொன்னேன். அது பொய்யில்லை, நிரூபணம் இல்லைதான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை என்றதும் என் கைக்குத் தெரிந்துவிட்டது. நாற்பத்திரண்டாம் உறையைப் பிரித்தேன். "தேவைக்கு மட்டும்" என்று இருந்தது. அதை அவள் பெயருக்கு எழுதினேன். நாற்பத்தொன்றாம் சீட்டைப் புது உறையில் போட்டு, நாற்பத்திரண்டு என்று எண் போட்டு, அடுக்கின் மேலேயே வைத்தேன்.

மூன்றாம் நாள் நீ வந்து சுவர் வரிசைக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சினாய். நான் அப்போதுதான் அங்கிருந்து அவளைத் தப்பிக்க வைத்திருந்தேன். "வீட்டுப் பிள்ளைன்னு பார்க்க முடியாது" என்று உன்னிடம் சொன்னேனே, அதைவிடப் பெரிய பொய் நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால், "நானே பயந்துபோய் மாத்திட்டேண்டி, திறக்காதே" என்று ஒரு வார்த்தை உன் காதில் போட்டிருந்தால், நீ திறந்திருக்க மாட்டாய். என் பெயர் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நாம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் அவளைக் காப்பாற்றினோம்.

அண்ணி


15 ஜூலை 1953

அண்ணி,

அந்தச் சீட்டு யாருக்குப் போனது?

நீங்கள் எழுதவில்லை. நானே சொல்கிறேன். பாப்பா வந்து இரண்டாம் நாள் சுவர் வரிசைக்கு வந்த பையன். பிறந்ததிலிருந்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டே இருப்பான், சம்பளம் கேட்டவனை முறைக்கிற மாதிரி. அவனுக்கு முதலாளி என்று பெயர் வைத்தது நான்தான். துணி இஸ்திரி போடுகிற அம்மாவின் மகன். அந்த அம்மா தினமும் இரண்டு மைல் நடந்து வந்து பால் பீய்ச்சிப் புட்டியில் கொடுத்துவிட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போவார். "என் பையனை நல்ல வரிசையிலதானேம்மா போட்டிருக்கீங்க" என்று என்னிடம் கேட்டார். "ரொம்ப நல்ல வரிசை" என்றேன். எனக்கு அவர் மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

உங்கள் பதினொன்றில் அவன் ஒருவன். எனக்குத் தெரியும், அவன் கண்ணை நீங்கள் பார்த்தபோது பக்கத்தில் நின்றது நான்தான்.

நான் படிக்காத முட்டாள், அண்ணி. நிறத்தைப் பார்த்தேன், திறந்தேன். என் முட்டாள்தனத்துக்கு நான் அனுபவிக்கிறேன், உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்க வேண்டும். நீங்கள் அப்படியில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதை எடுத்து ஒட்டி, அடுத்தவர் பிள்ளைக்கு வைத்தீர்கள். அதற்குப் பிறகும் எத்தனை உறை பிரித்தீர்கள்? ஒவ்வொரு "தாராளம்" வரும்போதும் என்ன நினைத்துக்கொண்டீர்கள்?

என் வாக்குமூலம் இதோடு இருக்கிறது. இரண்டு சாட்சி கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் இதை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது. நீங்களும் எழுத வேண்டும். நர்ஸ் பொய்க்காரி, டாக்டர் உத்தமி என்று கமிட்டி முன்னால் நிற்க விட மாட்டேன்.

கமிட்டிக்குச் சொல்வதுகூடப் பெரிதில்லை. இஸ்திரி போடுகிற அம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

குருவி


2 செப்டம்பர் 1953

குருவிக்கு,

கமிட்டி கூடியது. ஆறு பேர். முதலில் உன் வாக்குமூலத்தைப் படித்தேன். தலைவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "அப்போ பதினொண்ணுக்குப் பூஜ்யம்" என்று அவரே சொன்னார். ஒருவர் அப்போதே தன் ஆஸ்பத்திரிக்குத் தந்தி எழுதத் தாள் கேட்டார். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் மறுநாளே திருகுகள் மூடியிருக்கும். உன் கடிதம் என் பையில் இருந்தது.

என் தாளை எடுத்துப் படித்தேன்.

தந்தி எழுதியவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஒரு உறையை மாத்தினேன்னு நீங்க சொல்றீங்க. எத்தனை மாத்தினீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். மொத்த ஆராய்ச்சியையும் தள்ளிவிட்டார்கள். வேறு டாக்டர், வேறு நர்சுகள், முதல் உறையிலிருந்து மறுபடி.

இனி ஒரு குழந்தையையும் சுவர் வரிசையில் போட மாட்டேன் என்று சொன்னேன். எல்லாத் திருகையும் நானே குறைத்துவிட்டு வந்தேன். மறுநாள் எனக்குப் பதிலாக வந்தவர் அவற்றைத் திறந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிழைக்க வைக்கும் என்று படித்ததைத்தான் செய்கிறார், நானும் அதைத்தானே பத்து வருடம் செய்தேன். என்னைக் காய்ச்சல், இருமல் பார்க்கிற பிரிவில் போட்டிருக்கிறார்கள். உன் பெயரை அடித்துவிட்டார்கள். அந்தத் தாள் உனக்கு வந்திருக்கும்.

உன் அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "ரெண்டு பேரும் என் வீட்டுப் பொம்பளைங்க. நான் யாரைத் திட்டறது?" என்றார். பிறகு யாரையும் திட்டவில்லை. திட்டினால் தேவலை.

அந்த அம்மா வீட்டுக்கு இன்னும் போகவில்லை. இரண்டு முறை தெருமுனை வரை போனேன். வாசலில் அவர் துணி மடிப்பது தெரிந்தது. திரும்பிவிட்டேன். ஆறு பேர் முன்னால் படிக்க முடிந்தது, இது முடியவில்லை.

அண்ணி


10 நவம்பர் 1954

அண்ணி,

ஒரு வருடத்துக்கு மேல் நான் எழுதவில்லை. கோபம் கொஞ்சம்தான், வெட்கம்தான் நிறைய. இங்கே பிஸ்கட் ஃபேக்டரியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிறேன். பாப்பாவைப் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொள்கிறார். நடக்கிறாள். என் செருப்புச் சத்தத்தைத் தெருவிலேயே கண்டுபிடித்துவிடுகிறாள்.

நேற்று கேன்டீனில் பேப்பர் பார்த்தேன். வெளிநாட்டில் நிறைய ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஆராய்ச்சி செய்து முடிவு சொல்லிவிட்டார்களாம். ஆக்சிஜன்தானாம். இனி எல்லா இடத்திலும் குறைப்பார்களாம். லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிட்டு மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன வருடம் ஆகஸ்டிலிருந்து எண்ணிப் பார்த்தேன், கிட்டத்தட்ட பதினைந்து மாதம். என் தாளை மட்டும் நீங்கள் கொடுத்திருந்தால் நம் ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அப்போதே மூடியிருப்பார்கள். உங்களை எழுத வைத்தது நான். நியாயம் என்று நினைத்துத்தான் சொன்னேன். திருகைத் திறந்தபோதும் நல்லது என்று நினைத்துத்தான் திறந்தேன். அந்தப் பதினைந்து மாதத்தில் எத்தனை குழந்தைகள், அண்ணி? உங்களுக்குக் கணக்கு தெரிந்திருக்கும். எனக்குச் சொல்லாதீர்கள்.

நீங்கள் மறைத்திருந்தால் நான் உங்கள் முகத்தில் விழித்திருக்க மாட்டேன் என்பதும் உண்மைதான். எது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த அம்மா வீட்டுக்குப் போனீர்களா?

குருவி


5 டிசம்பர் 1954

குருவிக்கு,

உன் கடிதம் வந்த பிறகுதான் போனேன். பதினாறு மாதம் தள்ளிப்போட்டதை நீ ஒரு வரியில் கேட்டுவிட்டாய்.

ஒரே அறை வீடு. வாசலை ஒட்டி மேஜை, மேஜை முழுக்கச் சட்டைகள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "டாக்டரம்மா, உள்ள வாங்க, உங்களாலதான் என் பையன் உசுரோட இருக்கான்" என்றார். பையன் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெற்றியை இன்னும் சுருக்குகிறான்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். சீட்டு, உறை, நம் வீட்டுப் பிள்ளை, அவர் பிள்ளை. ஆராய்ச்சி என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை, அது எனக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்திருக்கும். அவர் இஸ்திரி போடுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சட்டையின் கையை முடித்துவிட்டு மறு கையைத் திருப்பிப் போட்டார். பிறகு கேட்டார்.

"நீங்க சீட்டை மாத்தலைன்னா என் பையனுக்குப் பார்வை இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்."

"உங்க வீட்டுப் பொண்ணுக்கு?"

"போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்."

"இப்போ அதுக்குத் தெரியுதா?"

"இல்லை."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அப்புறம் யாருக்கும்மா நல்லது பண்ணீங்க?" என்றார். கத்தவில்லை. வழி கேட்பது போலத்தான் கேட்டார். கமிட்டியிடம் பேச எனக்கு எப்போதும் ஏதாவது இருந்தது.

வெளியே போங்கள் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். பையன் பெட்டிச் சூட்டை நோக்கிக் கையை நீட்டினான். "அவனைக் கொஞ்சம் தூக்கிக்கங்க, கையை வச்சிடுவான்" என்றார். தூக்கிக்கொண்டேன். பிறந்தபோது ஆயிரத்து நூற்று ஐம்பது கிராம் இருந்தான். இப்போது நல்ல கனம். என் கழுத்தை முகர்ந்து பார்த்தான், காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், பிறகு தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். அவர் அடுத்த சட்டையை எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை, பிள்ளையைக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை.

மேஜையில் அறுபது சட்டைகளாவது இருக்கும். என் தோள் மரத்துப்போனது. அவனை எங்கே படுக்க வைப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் கடைசிச் சட்டையை மடித்து முடிக்கிறவரை அவனை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அண்ணி